பச்சையாகிப்போன பதினான்கு சிவப்புகள்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மனதில் ஊறிக் கிடந்து வெளிவந்தது என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். என் மேலாளர் எழுதச் சொன்னார், எழுதுகிறேன்.

அவர் கேட்டது ஒரு அறிக்கை. எங்கள் நிறுவனம் செய்துகொடுத்த டோக்கன் மென்பொருள் ஒரு கண் மருத்துவமனையில் திங்கட்கிழமை காலை பெரிய குளறுபடி செய்துவிட்டது. என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று ஒரே பக்கத்தில் எழுதித் தர வேண்டும். அடுத்த வாரம் வியாழக்கிழமை மூன்று மணிக் கூட்டத்தில் அது பெரியவர் முன்னால் வைக்கப்படும். (பெரியவர் என்றால் நிறுவனத்தின் சொந்தக்காரர். வயது நாற்பத்திரண்டுதான். ஆனாலும் பெரியவர்.)

"நீங்கதான் கதையெல்லாம் எழுதுவீங்களே. இது உங்களுக்கு ஜுஜுபி," என்றார் மேலாளர்.

ஒன்பது வருடங்களுக்கு முன்னால் என் கதை ஒன்று ஒரு வாரப் பத்திரிகையில் வந்தது. வந்ததோடு விட்டேனா, அதை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து மேசை மேசையாகக் காட்டினேன். இந்த நிறுவனத்தில் நான் செய்த தவறுகளில் அது இரண்டாவது பெரியது. முதலாவது கொஞ்ச நேரத்தில் வரும். அன்றிலிருந்து பிறந்தநாள் வாழ்த்து, வேலையை விட்டுப் போகிறவர்களுக்குப் பிரிவுரை, வாடிக்கையாளருக்கு மன்னிப்புக் கடிதம், கழிப்பறைக் கதவில் ஒட்டும் 'தயவுசெய்து', எல்லாம் என் தலையில்தான் கட்டப்படுகின்றன. நான் உண்மையில் நிரல் எழுதச் சேர்ந்தவள் என்பது எனக்கே சில நாள் மறந்துபோகும்.

அறிக்கைக்குப் படிவம் உண்டு, இரண்டு விதிகளும் உண்டு. யாருடைய பெயரும் வரக்கூடாது, ஏனென்றால் இங்கே யாரையும் குற்றம் சொல்வதில்லையாம். அடுத்தது, 'ஏன்?' என்று ஐந்து முறை கேட்டு ஐந்து கட்டங்களை நிரப்ப வேண்டும். ஐந்தாவது கட்டத்தில் வருவதுதான் மூல காரணம். அங்கே எந்தப் பதவி வருகிறதோ அந்த நாற்காலி அடுத்த மாதம் காலியாக இருக்கும். பெயரைச் சொல்லாமலே ஆளைத் தூக்குவதில் எங்களை மிஞ்ச யாரும் கிடையாது.

இரண்டு கட்டங்களைக் கடகடவென்று நிரப்பினேன். மூன்றாவதில் கை நின்றுவிட்டது. கதையாக எழுதினால் தைரியம் வருமோ என்று பார்க்கிறேன்.

2

தொடக்கம் ஒன்று: வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் நின்றிருந்த அவள்—

ஜன்னலே கிடையாது. ஜன்னல் இருந்த பக்கம் முழுக்க மேலாளர்களுக்கு அறை கட்டிவிட்டார்கள். மழை பெய்கிறதா என்பதை, சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களின் தலையைப் பார்த்துத்தான் நாங்கள் தெரிந்துகொள்வோம்.

தொடக்கம் இரண்டு: அந்த நிறுவனத்தில் நூற்றிருபது பேர் வேலை செய்தார்கள். அவர்களில் நாற்பது பேர் மீதி எண்பது பேரிடம் 'எப்போது முடியும்' என்று கேட்பதற்காக—

இது கதை இல்லை, புலம்பல். புலம்பலுக்கு எங்களிடம் தனியாக ஒரு வாட்ஸாப் குழு இருக்கிறது.

தொடக்கம் மூன்று: மேலாளர் ஒரு கொடியவர்.

இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டு நாள் இப்படியே வைத்திருந்தேன். கொடியவர் ஒருவர் கிடைத்துவிட்டால் கதாசிரியருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் அவரைப் பற்றி அடுத்த வரி எழுத உட்கார்ந்தால் கொடுமையாக எதுவும் வரமாட்டேன் என்கிறது. சிரிப்புதான் வருகிறது.

அவரை நாங்கள் சூப்பர் என்போம். எதைச் சொன்னாலும் "சூப்பர்" என்பார். என் அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை என்று சொன்னேன். "சூப்பர்" என்றார். பக்கத்துப் பிரிவில் ஒருவர் போய், "சார், நான் வேலையை விடுறேன்" என்றதற்கும் அதே பதில். நல்ல மனிதர்தான். அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று மூன்று முறை விசாரித்தார். விடுப்பும் உடனே கொடுத்தார். கொடுத்ததை மறந்துபோய், சொல்லாமல் வராதவள் என்று எனக்கு ஒரு மின்னஞ்சலும் அனுப்பினார்.

கெட்ட செய்தி அவருக்கு ஆகாது. உடம்புக்கே ஆகாது. யாராவது "ஒரு சின்னப் பிரச்சினை" என்று ஆரம்பித்தால் அவர் கை தானாக மேசை இழுப்பறைக்குப் போகும். அங்கே வயிற்றெரிச்சல் மாத்திரை இருக்கிறது.

தினமும் காலையில் நின்றபடிதான் கூட்டம். நின்றுகொண்டு பேசினால் பத்தே நிமிடத்தில் முடியும் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்து ஆரம்பித்தார். ஒன்றரை மணி நேரம் நடக்கிறது. சாய்ந்துகொள்ள ஒரே ஒரு தூண். பணிமூப்பின்படி சாய்ந்துகொள்வோம். ஏழு வருடம் முடிந்தபோது எனக்கு அந்தத் தூணின் ஒரு பக்கம் கிடைத்தது. சம்பள உயர்வுக் கடிதம் வந்தபோதுகூட அவ்வளவு மகிழ்ச்சி இல்லை.*

(* தூணின் மறுபக்கம் சாய்கிறவளைப் பற்றித்தான் இந்தக் கதை. இவ்வளவு நேரம் மேலாளரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது அவளைத் தள்ளிப்போடுவதற்காக என்று இப்போது புரிகிறது.)

3

அவள் சோதனையாளர். நாங்கள் எழுதுவதை உடைத்துப் பார்ப்பது அவள் வேலை. பட்டப்பெயர் பூதக்கண்ணாடி.

லிஃப்டில் ஏறினால் எல்லோரும் கைபேசியைப் பார்ப்பார்கள், அவள் சுவரில் ஒட்டியிருக்கும் பரிசோதனைச் சான்றிதழைப் படிப்பாள். தீயணைப்புக் குப்பியின் காலாவதித் தேதி அவளுக்கு மனப்பாடம். தண்ணீர் இயந்திரத்தில் சூடு, குளிர் இரண்டு பொத்தானையும் ஒன்றாக அழுத்தினால் என்ன ஆகும் என்று பார்த்தவள் இந்த அலுவலகத்தில் அவள் ஒருத்திதான். (வெதுவெதுப்பாக வரும். தரையிலும் கொஞ்சம் வரும்.)

ஏழு வருடங்களாக என் நிரலில் குற்றம் கண்டுபிடிக்கிறாள். ஏழு வருடங்களாக நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுகிறோம். இது அவளுடைய பெருந்தன்மையா, என்னுடையதா என்று அடிக்கடி சண்டை போட்டுக்கொள்வோம்.

இப்போது வாசகரிடம் ஒரு வெட்கக்கேடான விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். முந்தைய பிரதியில் அவள் இப்படி இல்லை. அதில் அவள் தினமும் தாமதமாக வந்தாள். வேலை நேரத்தில் தொலைபேசியில் அரட்டை அடித்தாள். அவளுடைய மேசை குப்பையாக இருந்தது. ஒரு காட்சியில் அவளைக் கொட்டாவிகூட விடவைத்தேன். எழுதும்போது 'அடடா, பாத்திரம் உயிரோடு நடமாடுகிறது' என்று எனக்கு உச்சி குளிர்ந்தது. மறுநாள் படித்துப் பார்த்தால், நான் பாத்திரம் படைக்கவில்லை. சாட்சியம் ஜோடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கொட்டாவியை எடுத்துவிட்டேன். உண்மையில் கொட்டாவி விட்டது நான்.

4

(இந்தப் பகுதியில் மென்பொருள் நிறுவனங்களின் நிர்வாகச் சீர்கேடுகள் குறித்து இரண்டு பக்கக் கட்டுரை ஒன்று இருந்தது. மேற்கோள்களோடு. என் கணவர் படித்துவிட்டு, "இதைப் படிக்கிறவங்க உனக்கு என்ன பாவம் பண்ணாங்க?" என்றார். நீக்கிவிட்டேன்.)

5

இனி நடந்ததைச் சொல்கிறேன். நேராகவே சொல்கிறேன், எங்கேயாவது வளைந்தால் புத்தகத்தை மூடிவிடுங்கள்.

சூப்பரிடம் ஒரு அட்டவணை இருந்தது. மூன்று இடங்களில் நாங்கள் எழுதிவைத்துக்கொண்டிருந்த எல்லாப் பட்டியல்களையும் மூடச் சொல்லிவிட்டு, "இனிமே ஒரே ஷீட்" என்று அவர் கொண்டுவந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிறம். பச்சை என்றால் சரியாக இருக்கிறது. மஞ்சள் என்றால் கொஞ்சம் பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் இதை வைத்துக்கொண்டு வெளியே போகக்கூடாது.

டோக்கன் மென்பொருளில் ஒரு பிழையைப் பூதக்கண்ணாடி கண்டுபிடித்திருந்தாள். வரிசையில் காத்திருக்கும் ஒருவர் நடுவில் தன் டோக்கனை ரத்துசெய்துவிட்டுப் போனால், அவருக்குப் பின்னால் இருப்பவர்களின் பெயர்கள் எல்லாம் ஒரு படி மேலே ஏறிவிடும். எண்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அப்புறம் ஐம்பத்து மூன்றை அழைத்தால், டாக்டரின் திரையில் ஐம்பத்து நான்காம் ஆளுடைய விவரம் வந்து நிற்கும். அந்த வரிக்கு அவள் சிவப்பு போட்டாள். சிவப்பு போட்ட அடுத்த நாளே அவளை வேறு ஒரு வேலைக்கு மாற்றிவிட்டார் சூப்பர், அதன் பிறகு அந்த அட்டவணையைத் திறக்க அவளுக்குத் தேவையே வரவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். சூப்பர் என் மேசைக்கு வந்தார். முகம் வாடியிருந்தது.

"பெரியவர் இந்த ஷீட்டைப் பார்க்கணும்னு சொல்றாரும்மா. திறந்தாலே செவசெவன்னு இருக்கு. எனக்கே ஒரு மாதிரி ஆகுது."

"வேலை முடிஞ்சா பச்சையாயிடும் சார்."

"அது முடியறப்போ முடியட்டும். இந்தச் சிவப்பே இல்லாம பண்ண முடியுமா? பச்சை, மஞ்சள் ரெண்டு போதுமே? நம்ம டீமுக்கு ஒரு பாசிட்டிவ் எனர்ஜி வரும்ல?"

முடியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். 'இது முட்டாள்தனம் சார்' என்று சொல்வதாக இரண்டாவது பிரதியில் ஒரு அருமையான வசனம் எழுதியிருந்தேன். உண்மையில் நான் சொன்னது, "நாலு நிமிஷம் சார்." என் திறமை அவருக்குத் தெரிய வேண்டாமா?

நிறங்களின் பட்டியலுக்குப் போய் சிவப்பை நீக்கினேன். அட்டவணை ஒரு கேள்வி கேட்டது: இந்த நிறத்தில் பதினான்கு வரிகள் இருக்கின்றன, அவற்றைப் பட்டியலின் முதல் நிறத்துக்கு மாற்றலாமா?

பட்டியலின் முதல் நிறம் பச்சை.

பதினான்கு என்ற எண்ணை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று முதல் பிரதியில் எழுதியிருக்கிறேன், அது பொய். பார்த்தேன். பார்த்துவிட்டு, அப்புறம் வந்து ஒவ்வொன்றாக மஞ்சளுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குள் சூப்பர் தூண் பக்கத்தில் நின்று, "எல்லாரும் வாங்க, வாங்க" என்று கைதட்டினார். 'ஆம்' என்ற பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து போனேன். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பியபோது கால் வலிதான் நினைவிருந்தது.*

(* அந்தப் பதினான்கில் ஒன்று, 'என் இருக்கைக்கு மேல் ஏசி ஒழுகுகிறது' என்று கணக்கர் போட்ட சிவப்பு. அதுவும் பச்சையாகிவிட்டது. ஏசி இன்னும் ஒழுகுகிறது. பெரியவர் ஒருநாள் அதன் கீழே வைத்திருந்த வாளியைப் பார்த்து, "இதுதான் சரிபண்ணியாச்சே, வாளி எதுக்கு?" என்று எடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.)

அட்டவணை பச்சைப்பசேல் என்று ஆனது. சூப்பர் அதைப் பெரியவரிடம் காட்டினார். பெரியவர் தேதி குறித்தார். அடுத்த மாதம் டோக்கன் மென்பொருள் கண் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்தத் திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, வரிசையில் இருந்த ஒரு அம்மாள் அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் டோக்கனை ரத்துசெய்துவிட்டு வீட்டுக்குப் போனார். அதிலிருந்து எல்லோரும் அடுத்தவர் ஆனார்கள். மூக்குக்கண்ணாடியின் திருகாணியை முடுக்கிக்கொண்டு போக வந்தவருக்குக் கண்பாப்பாவை விரிக்கும் சொட்டுமருந்தை ஊற்றி உட்காரவைத்துவிட்டார்கள். மதியம்வரை அவருக்கு எதிரில் இருப்பது எதுவும் தெளியவில்லை. நல்லவேளை, ஒரு செவிலியர் பெயரைக் கூப்பிட்டுச் சரிபார்த்தார், குட்டு வெளிப்பட்டது. திரையை அணைத்துவிட்டுக் காகிதத்தில் எண் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. சொட்டுமருந்துக்காரர் மட்டும் கோபமாகப் புகார் எழுதினார். எழுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தது. கண் தெளியும் முன்பே எழுதியிருக்கிறார்.

6

இப்போது படிவத்தைப் பாருங்கள்.

ஏன் குளறுபடி நடந்தது? மென்பொருளில் பிழை இருந்தது.
ஏன் பிழையோடு வெளியே போனது? அட்டவணையில் பச்சை என்று இருந்தது.
ஏன் பச்சை என்று இருந்தது? சோதனையாளர் பச்சை என்று குறித்ததால்

மூன்றாவது வரியின் முடிவில் முற்றுப்புள்ளி இல்லை, கவனித்தீர்களா. அதை எழுதியதும் என் கைதான். அழித்ததும் என் கைதான். இடையில் இரண்டு நாள் அப்படியே கிடந்தது.

எழுதிவிட்டால் தப்பித்துவிடலாம். அட்டவணை பழைய மாற்றங்களை முப்பது நாள்தான் நினைவில் வைத்திருக்கும். அது கடந்துவிட்டது. அந்த வரிக்கு நேராக, குறித்தவர் என்ற கட்டத்தில் அவள் பெயர். நிறம் பச்சை. அந்தப் பதினான்கு சிவப்புகளும் பச்சையாகின என்று தெரிந்த ஒரே ஜீவன் நான்தான். சூப்பருக்குக்கூடத் தெரியாது, சிவப்பை எடுத்தால் அவை எங்கே போகும் என்று அவர் யோசித்ததே இல்லை.

"பாவம்தான், ஏழு வருஷமா இருக்காங்க," என்றார் சூப்பர். "ஆனா ஷீட்ல பச்சைதானே இருக்கு? பெரியவர் டெஸ்டிங் பக்கம் ஒரு ஆளைக் குறைக்கணும்னு ஏற்கெனவே சொல்லிட்டிருந்தார். நீங்க கொஞ்சம் பக்குவமா எழுதிடுங்க." இழுப்பறையைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்தார்.

இதைக்கூட நான் தாங்கிக்கொண்டேன். கோழைகளுக்குத் தாங்கும் சக்தி அதிகம். தாங்க முடியாமல் போனது வேறொன்று.

திங்கட்கிழமைக்கு அடுத்த நாள், சாப்பாட்டு மேசையில் பூதக்கண்ணாடி டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

"நான் சிவப்புதான்டி போட்டேன்," என்றாள். "அப்படித்தான் ஞாபகம். போட்டுட்டு, பக்கத்துல விளக்கமா எழுதக்கூடச் செஞ்சேன். விளக்கம் இருக்கு. நிறம் மட்டும் பச்சையா இருக்கு."

நான் தண்ணீர் குடித்தேன்.

"அப்போ கை தவறிப் பச்சையை அழுத்திட்டேன் போல. அழுத்திட்டு, சிவப்புன்னு நினைச்சுட்டிருக்கேன். அப்படின்னா இந்த ஏழு வருஷத்துல இன்னும் எத்தனை அப்படி விட்டிருப்பேன்?"

"சீ, அதெல்லாம் இருக்காது," என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

"எனக்குக் கண்ணுல ஏதோ கோளாறா இருக்குமோ? டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடவா?"

இதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், போவதென்றால் அந்த மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும், டோக்கன் வேறு வாங்க வேண்டும் என்று. நானும் சிரித்தேன், மறுபடி தண்ணீர் குடித்தேன். அதன் பிறகு அவள் லிஃப்டில் சான்றிதழைப் படிப்பதை நிறுத்திவிட்டாள். எதையும் ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி, "இது சரியாத்தானே இருக்கு?" என்று கேட்க ஆரம்பித்தாள். என்னிடம்!

7

வாசகர்களின் வசதிக்காகச் சில முடிவுகளைத் தயாரித்து வைத்திருந்தேன்.

முதல் முடிவு: கூட்டத்தில் எல்லோரும் அமைதியாக இருக்கிறார்கள். நான் எழுந்து நிற்கிறேன். "ஒரு நிமிஷம்!" என்கிறேன். என் குரல் கணீரென்று ஒலிக்கிறது. (என் குரல் கணீரென்று ஒலித்ததே கிடையாது. பள்ளியில் பேச்சுப் போட்டியில்கூட 'சத்தமாப் பேசு' என்றுதான் மதிப்பெண் குறைத்தார்கள்.)

இரண்டாம் முடிவு: கையெழுத்தில்லாத கடிதம் ஒன்று பெரியவர் மேசையில் கிடக்கிறது. (இந்த நிறுவனத்தில் பிழையில்லாமல் கடிதம் எழுதுகிறவள் நான் ஒருத்திதான். இரண்டாவது வரியிலேயே மாட்டிக்கொள்வேன்.)

மூன்றாம் முடிவு: ஏசித் தண்ணீர் மின்கம்பியில் சொட்டி, எல்லாக் கணினிகளும் அணைந்து, அட்டவணையும் அறிக்கையும் அழிந்து, அனைவரும் சுபமாக வீட்டுக்குப் போகிறார்கள். (எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். அந்த வாளியை எடுத்த நாளிலிருந்து வாய்ப்பும் இருக்கிறது.)

புதன்கிழமை காலை, இதுவரை உள்ள பக்கங்களைக் கணவரிடம் கொடுத்தேன். அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். காலணிக் கயிற்றை ஒரு கையால் கட்டிக்கொண்டே படித்தார். சிவப்பை எடுத்த இடத்தில் நின்றார்.

"எங்க லிஃப்ட்ல சிவப்பு விளக்கு எரிஞ்சா லிஃப்டை நிறுத்துவோம். நீங்க விளக்கைக் கழட்டுவீங்களா?"

"கிண்டல் பண்ணாதீங்க. முடிவு எது நல்லா இருக்கு, அதைச் சொல்லுங்க."

"முதல்ல உள்ளதே இருக்கட்டும். உண்மையைச் சொல்லிடு, வேற வழி இல்லை. ஆனா எனக்கு ஒண்ணு புரியலை. இதுல அந்தப் பொண்ணுக்கு எப்போ தெரியுது?"

"கூட்டத்துலதான். நான் எழுந்து சொல்றப்போ."

"பெரியவருக்குத் தெரியறப்போதான் அவங்களுக்கும் தெரியுமா? நாப்பது பேருக்கு நடுவுலயா?" காலணியை மாட்டிக்கொண்டு எழுந்தார். "ஒரு வாரமாக் கண்ணு கெட்டுப்போச்சுன்னு உட்கார்ந்திருக்கறது அவங்க. பெரியவருக்கு என்ன அவசரம்?"

அவர் போன பிறகு மூன்று முடிவுகளையும் மறுபடி படித்தேன். எல்லா முடிவுகளிலும் நான் எழுந்து நின்றுகொண்டும், எழுதிக்கொண்டும், வீரமாக எதையாவது செய்துகொண்டும் இருக்கிறேன். ஒரு முடிவில்கூட அவளுக்கு வசனம் கொடுக்கவில்லை.

8

வியாழக்கிழமை, மதியம் ஒன்றேகால். சாப்பாட்டு மேசை. இந்தக் காட்சியை நான் திருத்தப் போவதில்லை. நடந்தபடி.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றேன். "நீ சிவப்புதான் போட்டே. அதைப் பச்சையாக்கினது நான்."

நிறங்களின் பட்டியல், பதினான்கு, 'ஆம்' பொத்தான், சூப்பர் கைதட்டியது, எல்லாவற்றையும் கொட்டினேன். தலையும் வாலும் இல்லாமல்தான் வந்தது. அவள் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நிச்சயமா நான் சிவப்புதான் போட்டிருந்தேனா?"

"நிச்சயமா."

அவள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கையைப் பிடிக்கப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள், அழுதுகொண்டும் இருந்தாள்.

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு!" என்றாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஐயோ, என் கண்ணு நல்லாத்தான்டி இருக்கு!"

அரை நிமிடம் அப்படியே சந்தோஷமாக இருந்தாள். அந்த அரை நிமிடத்துக்காக நான் பத்து நாள் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். இந்த முறை சிரிப்பு இல்லை.

"உனக்கு எப்போ தெரியும்?"

"திங்கட்கிழமையே."

"நான் கண் டாக்டர்கிட்ட போகவான்னு கேட்டப்போ?"

"தெரியும்."

அவள் திறக்காத டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "மூணு மணிக்கு நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நான் சொல்றேன்."

"சத்தமாச் சொல்லு," என்றாள்.

9

சொன்னேன். சத்தமாகச் சொன்னேனா என்று தெரியவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர் "கேட்கலை" என்றார், அதனால் இரண்டு முறை சொல்ல வேண்டியதாயிற்று. குற்றத்தை இரண்டு முறை ஒப்புக்கொண்ட ஒரே ஊழியர் நானாகத்தான் இருப்பேன்.

"நான்தான் சிவப்பை எடுத்தேன். பதினாலு வரி பச்சையாச்சு. தெரிஞ்சேதான் அழுத்தினேன்."

"சூப்பர்," என்றார் மேலாளர், பழக்க தோஷத்தில். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது அவருக்கு. இழுப்பறை பக்கத்தில் இல்லாததால் கை காற்றில் துழாவியது.

பெரியவர் என்னைப் பார்த்தார். பிறகு சூப்பரைப் பார்த்தார். "சிவப்பை எடுக்கச் சொன்னது யாரு?" என்றார். படிவத்தின் விதிப்படி யாரும் பெயர் சொல்லவில்லை. நாற்பது பேரும் ஒரே ஆளைப் பார்த்தார்கள். சூப்பர் எழுந்தார். "நான்தான் சார். பார்க்க நல்லா இருக்கட்டுமேன்னு..." என்றார். அவர்மேல் எனக்கு அன்று ஒரு மரியாதை வந்தது. அதையும் இங்கே பதிந்துவிடுகிறேன்.

யாருடைய நாற்காலியும் காலியாகவில்லை. மேலாளரும் நானும் சேர்ந்து செய்ததற்குச் சோதனையாளரைத் தூக்க முடியாது, மேலாளரைத் தூக்கினால் பெரியவர் அட்டவணையைத் தானே பார்க்க வேண்டிவரும். எனக்கு மட்டும் ஓர் எச்சரிக்கைக் கடிதம் தருவதென்று முடிவானது. அடுத்த நாள் சூப்பர் என் மேசைக்கு வந்து நெளிந்தார்.

"அந்த எச்சரிக்கைக் கடிதத்தை யாருக்கும் சரியா எழுத வரலைம்மா. நீங்களே கொஞ்சம்..."

நானே எழுதிக்கொண்டேன். கொஞ்சம் கடுமையாகவே எழுதினேன். படித்துவிட்டு, "இவ்வளவு வேணாமே, பாவம்" என்று இரண்டு வாக்கியங்களை அவர்தான் எடுத்தார். கோப்பில் இருக்கிறது. என் எழுத்துகளில் இந்த நிறுவனம் முழுதாகப் படித்தது அதைத்தான்.

10

முடிவுக்கு வருகிறேன். வரத்தான் பார்க்கிறேன்.

அந்த அட்டவணையைத் தூக்கிப்போட்டுவிட்டார்கள். மற்ற நிறுவனங்களில் இருப்பதுபோல் முறையான பிழைப் பட்டியல் ஒன்று வந்திருக்கிறது. அதில் ஒரு வழக்கம் உண்டு. பிழையைத் திருத்தியவர் 'திருத்திவிட்டேன்' என்று எழுதலாம், ஆனால் அதை மூட முடியாது. கண்டுபிடித்தவர் மறுபடி சோதித்துப் பார்த்து, மனம் திருப்தியானால் அவரே மூடுவார். எத்தனை நாள் எடுத்துக்கொண்டாலும் யாரும் கேட்க முடியாது.

பட்டியல் வந்த முதல் நாள் காலையே என் பெயருக்கு ஒரு பிழை வந்திருந்தது. பதிந்தவள் பூதக்கண்ணாடி.

தலைப்பு: தோழி பத்து நாள் வாய் திறக்கவில்லை.
மறுபடி நிகழ்த்திப் பார்க்கும் வழி: தினமும் அவள் எதிரில் உட்காரவும். எனக்குக் கண் கோளாறா என்று கேட்கவும்.
எதிர்பார்த்தது: இல்லை என்ற பதில்.
நடந்தது: தண்ணீர் குடித்தாள்.
தீவிரம்: மிக அதிகம்.

படித்தேன். அதன் கீழே எதை எதையோ எழுதி அழித்தேன். காரணம் எழுதினேன், அழித்தேன். மன்னிப்புக் கடிதங்களில் நான் கெட்டிக்காரி, நூறு பேருக்கு எழுதியிருக்கிறேன், அவற்றிலிருந்து ஒரு வரியைக்கூட எடுத்துப்போட மனம் வரவில்லை. கடைசியில் 'திருத்தப் பார்க்கிறேன்' என்று மட்டும் எழுதினேன்.

மூன்று வாரம் ஆகிறது. லிஃப்டில் மறுபடி சான்றிதழைப் படிக்கிறாள். புதுப்பிக்க வேண்டிய தேதி தாண்டி இரண்டு மாதம் ஆகிவிட்டது என்று கட்டட நிர்வாகிக்குப் புகார்கூட அனுப்பிவிட்டாள். தூணின் மறுபக்கம் சாய்ந்துகொண்டு வழக்கம்போல் கிசுகிசுக்கிறாள். சாப்பிட எதிரில்தான் உட்காருகிறாள். இந்தப் பக்கங்களைப் படிக்கக் கொடுத்தேன், பதினொரு இடத்தில் தப்பு கண்டுபிடித்துக் குறித்துத் தந்தாள், எல்லாவற்றையும் திருத்திவிட்டேன். "பத்தாம் பகுதி?" என்று கேட்டேன். "அது இன்னும் டெஸ்டிங்ல இருக்கு," என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். சிரித்தாளா என்று நான் சரியாகப் பார்க்கவில்லை.

நீங்கள் அவளாக இருந்தால் என்ன செய்வீர்களோ, அதை முடிவாக வைத்துக்கொள்ளுங்கள். நானும் தினமும் காலையில் வந்ததும் முதல் வேலையாக அந்த வரியைத் திறந்து பார்க்கிறேன். பிழை திறந்தே இருக்கிறது. மூடுகிற பொத்தான் என் திரையில் கிடையாது, அவள் திரையில்தான் இருக்கிறது.